முன் சீட்டு

என் தங்கையை நாலு பேர் முன்னிலையில் ராசி இல்லாதவள் என்று சொன்னேன். கார் நடுரோட்டில் நின்றுபோனதற்காகச் சொன்னேன். கார் ஏன் நின்றது என்று அப்போதே எனக்குத் தெரியும். ராசி என்ற ஒன்றில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. நம்பிச் சொல்லியிருந்தால் மூடத்தனம் என்று தள்ளிவிடலாம். நான் சொன்னது பொய்.

வேலை பார்த்த காலம் முழுவதும் மின்சாரத்தோடு இருந்தவன் நான். பொறியியல் படித்துவிட்டு மின் பொறியாளராகச் சேர்ந்தேன், அதிலேயே ஓய்வும் பெற்றேன். மழைக்காலத்தில் ஓர் ஊரே இருட்டில் கிடக்கும். எங்கே கம்பி அறுந்தது, எங்கே மரம் சாய்ந்தது என்று தேடிப் போவோம். யார் கண் பட்டது, யார் எதிரே வந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கும் ஊழியர்களைக் கடிந்துகொண்டிருக்கிறேன். அந்த வாய்தான் இதையும் சொன்னது.

தங்கையின் கணவர் இளவயதிலேயே இறந்துவிட்டார். கைக்குழந்தையோடு ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்தவள் இங்கேயே இருந்துவிட்டாள். பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் வேலைக்குப் போனாள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்து, இழை விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிற வேலை. அதே கண்ணால்தான் மனிதர்களையும் பார்ப்பாள். கண்டதை எல்லாம் சொல்ல மாட்டாள். என் மனைவி இறந்த பிறகு வீட்டைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் மகளைத் தூக்கி வளர்த்தேன்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சமயத்தில் எனக்குக் கார் ஆசை வந்தது. மின்சாரக் கார் என்றுதான் பிடிவாதம். என் துறை அல்லவா? மதுரையில் ஒரு ஷோரூமில் போய் வெள்ளை நிறத்தில் எடுத்துவந்தேன்.

அந்த வண்டியை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. உள்ளே ஏறினாலே புது பிளாஸ்டிக் வாடை. நடுவில் ஒரு பெரிய திரை. ஏசியைக் கூட்டக் குறைக்க அதற்குள்தான் விரலை விட வேண்டும். பக்கக் கண்ணாடியைத் திருப்ப அதற்குள். காகிதம் வைக்கிற சின்ன அறையைத் திறப்பதற்கும் அதற்குள்தான் போக வேண்டும். ஒரு பொத்தான் கிடையாது, ஒரு திருகு கிடையாது. எண்ணெய் விரல் பட்டுப் பட்டு எந்நேரமும் பிசுபிசுவென்று கிடக்கும். கதவுக்கு வெளியே பிடிகூட இல்லை. வண்டிக்கு மனம் இருந்தால் பிடி தானாக வெளியே வரும், இல்லாவிட்டால் உள்ளேயே கிடக்கும். என்னத்துக்கு இந்த வித்தை? கதவில் ஒரு பிடி வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் இதெல்லாம் பிறகு வந்த வெறுப்பு. எடுத்த அன்று பெருமைதான். மதுரையிலிருந்து வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் முன்னால் நிறுத்திப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடியில் மாலை. பூஜை வைத்தவர் ஸ்டியரிங்கில் சந்தனம் வைத்தார். பிறகு திரையின் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு அழுத்தி வைத்தார். அவர் விரலைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு வைப்பர் ஓட ஆரம்பித்துவிட்டது. காய்ந்த கண்ணாடியில் கிரீச் கிரீச்சென்று போய்வந்து, மாலையை வாரி அவர் வயிற்றிலேயே எறிந்தது.

"வண்டிக்கு அருள் வந்துட்டுண்ணே. குறி கேளு" என்றாள் தங்கை.

பூஜை முடிந்ததும் அவள் பின்கதவுப் பக்கம் போனாள். நான் தடுத்தேன். "முன்னால ஏறு. நீ ஏறாம இந்த வண்டி நகராது. இதெல்லாம் பாக்குற காலமா இது?" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். கணவனை இழந்தவள், புது வண்டியில் முதல் சவாரிக்கு முன் சீட்டில் உட்காரக் கூடாது என்று அவளாக ஒதுங்கினாள். என் படிப்பைக் காட்ட எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அவளை முன் சீட்டில் உட்கார வைத்ததும் நான்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பழுதுகள் சீக்கிரமே தொடங்கின. ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போய்ச் செத்த நேரம் கழித்துத் தானாக வரும். ஒருநாள் அதிலிருந்து பேசும் பெண்குரல் திடீரென்று இந்திக்கு மாறிவிட்டது. என்ன செய்தும் தமிழுக்குத் திரும்பவில்லை. "பக்கத்து வீட்டுக்காரவுகள்ட்ட தெலுங்குல பேசுதோம். இதுட்ட இந்தியில பேசிட்டுப் போவோம், விடு" என்றாள் தங்கை. இன்னொரு நாள் அய்யனார் கோவில் போய்விட்டுத் திரும்பும்போது, மலையடியில் நல்ல மழையில், நான்கு கண்ணாடிகளும் தாமாக இறங்கின. ஏற்ற வேண்டுமானால் திரை வேண்டும். திரையோ கறுப்பு. இருவரும் நனைந்து ஊறி வீடு வந்தோம்.

மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால் ஒரே பாட்டுத்தான். "அது நார்மல் சார்." "அடுத்த அப்டேட்ல சரியாயிரும் சார்." மழையில் கண்ணாடி இறங்குவது நார்மல். முன்னால் கேமரா, பின்னால் கேமரா, கீழே ஒரு அறை நிறைய பேட்டரி, ஆனால் ஒரு ஃபியூஸைக் கையால் தொட்டுப் பார்க்க வழியில்லை. கம்பியை, காயிலை, கான்டாக்டைப் பார்த்துப் பழகியவனுக்கு, காற்றில் வரப்போகும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கச் சொல்வதைப் போல அவமானம் வேறில்லை.

இருந்தும் வெளியே ஒருவரிடமும் குறை சொல்லவில்லை. காரணம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்திருந்தார். முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாப்பிள்ளையின் தாயார், "கரண்டு வண்டி நடுவழியில நின்னா என்ன செய்வீக அண்ணாச்சி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் ஒரு வகுப்பே எடுத்தேன். பெட்ரோல் வண்டியில் எத்தனை உறுப்பு, இதில் எவ்வளவு குறைவு, இது ஏன் நிற்கவே நிற்காது என்றெல்லாம். அந்த அம்மாவின் கணவர் கொட்டாவியை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

நல்ல மனிதர்கள். கல்யாணத்தில் தாரை வார்க்கப் பெண்ணுக்கு அப்பா இல்லையே என்ற பேச்சு வந்தது. மகள் தன் அம்மா மேடையில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்கவில்லை. "அண்ணனும் தங்கச்சியுமா நின்னு வாத்துக் குடுங்க. எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார் அந்த அம்மா. என் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷத்தில் அவள் முகம் இறுகிப்போகும், எனக்குத் தெரியும். அன்று இறுகியிருந்தது.

முகூர்த்தப் பட்டு எடுப்பதற்குச் சில நாட்கள் முன்னால், திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இறங்குகிறது, சார்ஜ் ஏறவில்லை, உடனே சர்வீஸுக்குக் கொண்டுபோகவும். கீழே ஓகே என்று ஒரு கட்டம்.

இதை விளங்கச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைச் சுற்றுவது தரைக்கடியில் இருக்கும் பெரிய பேட்டரி. ஆனால் கதவைத் திறப்பது, திரையை எரிய வைப்பது, பெரிய பேட்டரியை எழுப்பிவிடுவது எல்லாம் முன்னால் இருக்கிற ஒரு சின்ன பேட்டரியின் வேலை. பெரியதிலிருந்து சின்னதற்குச் சார்ஜ் ஏற்றித்தர ஒரு கருவி உண்டு. அந்தக் கருவி போய்விட்டது என்பதுதான் எச்சரிக்கை. சின்னது செத்தால் பெரியது இருந்தும் இல்லாததுதான். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவனுக்கே இது புரியும். எனக்குப் புரிந்தது. ஆனால் மதுரைக்கு விட்டால் வண்டியை வாரக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். சம்பந்தி வீட்டாரிடம் அவ்வளவு பேசிவிட்டு ஆட்டோவிலா போய் இறங்குவது? ஓகேயைத் தொட்டேன். சிவப்பு மறைந்தது. மறுநாளும் வந்தது, மறுநாளும் தொட்டேன்.

சித்திரை வெயில். ராஜபாளையத்தில் கடையில் பட்டு எடுத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, மாப்பிள்ளை வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. அவர்கள் தங்களுடைய பழைய டீசல் காரில் வந்திருந்தார்கள். மருமகளை எங்களோடு கூட்டிக்கொள்கிறோம் என்று பெண்ணைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பட்டும் பூவும் வெற்றிலையும் வைத்த தட்டை அந்த அம்மா தாமே என் தங்கையின் கையில் கொடுத்தார். "தாய் மடியிலயே இருக்கட்டும் மயினி. நீங்க கொண்டுட்டு வாங்க" என்றார்.

மடியில் தட்டோடு அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பியதும் சிவப்பு வந்தது. தங்கை குனிந்து பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சட்டென்று ஓகேயைத் தொட்டுவிட்டேன்.

வன்னியம்பட்டிப் பக்கம் போகும்போது முதலில் ஏசி ஓய்ந்தது. பிறகு திரை மங்கியது. ஏதோ கண் மூடுவதுபோல ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்து அணைந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. எப்படியோ இழுத்து ஓரம் கட்டினேன். கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினேன், திறக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. ஹாரன்கூட இல்லை.

பின்னால் வந்த கார் நின்றது. மாப்பிள்ளையின் தாயார், அவருடைய கொழுந்தனார், என் தங்கை மகள் எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். வெளியே இழுப்பதற்குப் பிடி இல்லை. வழவழவென்ற கதவைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். உள்ளே நாங்கள் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறோம். சட்டை முதுகோடு ஒட்டி, கழுத்தில் வியர்வை வழிந்து, அந்தப் பிளாஸ்டிக் வாடை வெயிலில் வெந்து தொண்டையில் இறங்கியது. தங்கை முந்தானையால் பட்டுக்கும் பூவுக்கும் விசிறிக்கொண்டிருந்தாள்.

"பதறாதண்ணே" என்றாள்.

கையைக் கண்ட இடத்திலெல்லாம் விட்டுத் துழாவியதில் கதவின் அடியில் ஒரு சின்ன நெம்பி அகப்பட்டது. அவசரத்துக்கென்று வைத்து, யார் கண்ணிலும் படாமல் ஒளித்தும் வைத்திருக்கிறார்கள். இழுத்தேன், திறந்தது. அவள் பக்கத்தையும் எட்டித் திறந்துவிட்டேன்.

கொழுந்தனார் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டீகளா? செல்போன் மாதிரில்லா நின்னுட்டு!"

"அன்னைக்கு எம்புட்டுச் சொன்னீக! நிக்கவே நிக்காதுன்னீகளே" என்று அந்த அம்மாவும் சிரித்தார். குத்தலில்லை, கேலிதான். நானும் சிரித்திருக்கலாம். பேட்டரி போச்சும்மா, எச்சரிக்கை வந்தது, நான்தான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான்.

நான் சொன்னது இது: "வண்டியில ஒரு குறையும் இல்லம்மா. முன் சீட்டுல யார உக்கார வச்சேன்னு பாருங்க. ராசி இல்லாத ஆளு உக்காந்தா எந்த வண்டிதான் ஓடும்?"

சிரிப்பு நின்றது. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தங்கை காரின் அந்தப் பக்கம் தட்டோடு நின்றாள். என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். அந்த அம்மாவின் பார்வை என் தங்கை முகத்திலிருந்து தட்டுக்கு இறங்கியது. பட்டின்மேல் இருந்த அவள் கைகளுக்கு இறங்கியது. கொஞ்சம் தயங்கி, கிட்டே போனார்.

"குடுங்க மயினி. வெயிலா இருக்கு, நான் வச்சுக்கிடுதேன்."

தட்டை வாங்கிக்கொண்டார். அவர் குரலில் மரியாதை குறையவில்லை. என் தங்கையும் இரண்டு கையாலும் நீட்டித்தான் கொடுத்தாள். அவர்கள் காரில் இடம் பண்ணி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டியை ஏற்றிச் செல்லும் லாரிக்காக நான் அங்கேயே வெயிலில் காத்துக் கிடந்தேன். கோயிலில் தங்கை உள்ளே வரவில்லை, செருப்புப் போடும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

சில நாட்கள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். தங்கை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"மயினி, தப்பா எடுத்துக்கிடாதீக. எனக்கு ஒண்ணுமில்ல. எங்க மாமியாரு பெரிய மனுசி, அவிய காதுல விழுந்துட்டு. கூடப்பொறந்த அண்ணனே அப்படிச் சொல்லுதாகன்னா என்னமோ இருக்கும்னு சொல்லுதாக. மேடைக்கு அண்ணாச்சி மட்டும் வரட்டும்."

"சரி மயினி. நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள் தங்கை. போனை வைத்துவிட்டு மிச்ச வெண்டைக்காயையும் நறுக்கினாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் மதுரைக்குப் போனேன். சர்வீஸ் சென்டரில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர், வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், ஸ்கிரீன்ல குங்குமம் இருக்கு. பூஜை போட்டீங்களா? தேங்காத் தண்ணி, குங்குமம் எல்லாம் உள்ள இறங்கியிருக்கும். அதான் சார் ப்ராப்ளம். வாரண்டியில வராது."

எனக்கு வந்த கோபத்தில் அந்த இடம் அதிர்ந்தது. "ஏன்யா, சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற யூனிட் போயிருக்கு. திரையில வச்ச பொட்டுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்? உங்க குறைய மறைக்க, பாவம் அந்தப் பூஜை வச்ச மனுசன் தலையில போடுதீங்களா? வெக்கமா இல்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் என்னவோ மெக்கானிக்கைக் கூப்பிட்டார், கம்ப்யூட்டரைப் பொருத்தினார், சரிதான் சார், யூனிட்தான் போயிருக்கு, மாற்றித் தருகிறோம் என்றார். "முன்னாடியே வார்னிங் வந்திருக்குமே சார்?" என்று கேட்டார்.

"வரல" என்றேன். அங்கேயும் பொய். வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். காரின்மேல் இருந்த அருவருப்பெல்லாம் திரும்பி வந்து என்மேல் உட்கார்ந்தது. அது இன்றுவரை எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் சொன்னேன். அவள் மகளும் இருந்தாள். பேட்டரிதான் காரணம், சிவப்பு எச்சரிக்கை வந்தது, நான்தான் அமுக்கி அமுக்கி மறைத்தேன், தெரிந்தேதான் உன்மேல் பழி போட்டேன் என்றேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள். "அன்னைக்கு வண்டி கிளம்பயிலயே சிவப்பா வந்துச்சு. நீ டக்குனு தொட்டு மறைச்ச. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"பொறவு ஏன் ரோட்டுல வச்சுச் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? சம்பந்தி முன்னால எங்க அண்ணன் பொய் சொல்லுதான்னு சொல்லவா?"

அப்போது மகள் பேசினாள். என் மடியில் வளர்ந்த பெண். "மாமா, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. அத்தை போயிட்டாக. ஸ்டியரிங்க நீங்கதான பிடிச்சிருந்தீக? ராசி உங்கள விட்டுட்டு, உங்களத் தாண்டி எங்கம்மாட்ட எப்படிப் போச்சு?"

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. நானும் துணையை இழந்தவன். புது வண்டியில் யாரும் என்னைப் பின்னால் போகச் சொன்னதில்லை. மேடைக்கு நான் மட்டும் வரலாம் என்று சொன்னவர்களுக்கும் அது தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அந்த அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். காபி கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். "அது எனக்கு அப்பவே தோணுச்சு அண்ணாச்சி. வெக்கத்துல சொன்னீகன்னு தெரியும். ஆனா மாமியாருட்ட இனி என்னத்தச் சொல்ல? தங்கச்சிக்காக இப்ப மாத்திப் பேசுதாருன்னுதான் சொல்லுவாக. நல்ல காரியத்துல இத இழுக்க வேண்டாம், விட்டுருங்க" என்றார். என் பொய்யை உடனே எடுத்துக்கொண்ட அந்த வீட்டில், என் உண்மையை வைக்க இடமில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன? பொய்யைக் கொண்டுபோய் இறக்கியவன் நான்.

அப்படியானால் சபையிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கல்யாணம் ராஜபாளையத்தில் மண்டபத்தில் நடந்தது. தாரை வார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மேடையேறினேன். மாப்பிள்ளையின் பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தங்கை சாப்பாட்டுக் கூடத்து வாசலில், தூணுக்குப் பின்னால் நின்றாள்.

நான் சபையைப் பார்த்துத் திரும்பினேன். பேச்சுச் சத்தம் அடங்கட்டும் என்று வலதுகை விரலை உயர்த்தி ஆட்டி, "எல்லாரும் செத்த கேக்கணும்" என்று தொடங்கினேன்.

விரல் ஆடியதைப் பார்த்த தவில்காரர், கெட்டிமேளத்துக்குத்தான் சைகை காட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். மண்டபமே அதிர அடித்தார். தாலியை இன்னும் யாரும் கையில்கூட எடுக்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து அட்சதையை வீசினார்கள். மாப்பிள்ளை திகைத்துப் போய் இரண்டு பக்கமும் பார்த்தார். ஐயர் கையை ஆட்டி நிறுத்து நிறுத்து என்றார். நாதஸ்வரக்காரர் அதை இன்னும் வேகமாக என்று புரிந்துகொண்டார். நான் வாயசைத்துப் பேசிக்கொண்டேதான் இருந்தேன். ஒரு சொல் எனக்கே கேட்கவில்லை. மேளம் நின்றபோது சபை முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. "தாய்மாமனுக்கு என்ன அவசரம்?" என்று ஒருவர் கத்தினார்.

அந்தச் சிரிப்புக்குள் மறுபடி தொடங்க எனக்குத் தெம்பில்லை. மேடையிலிருந்து இறங்கினேன். நேரே நடந்து தூணுக்குப் பின்னால் போய்த் தங்கையின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவள் நிற்கக் கூடாத இடத்தில் நானும் நிற்கக் கூடாது என்பது என் கணக்கு.

அவள் பதறிப்போனாள். "இங்க எதுக்கு வந்த? மேல போ."

"நீ வந்தா வாரேன்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா? அவளுக்கு அப்பன்தான் இல்ல. தாய்மாமனும் இல்லாம ஆக்கப் போறியா? போண்ணே. உன் காலப் பிடிக்கேன், போ."

நான் போகவில்லை. பிடிவாதம் என்பதா, அகங்காரம் என்பதா, எனக்கே தெரியவில்லை. பிராயச்சித்தம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். மேடையில் கொஞ்சநேரம் குழப்பம். கடைசியில் செட்டியார்பட்டியிலிருந்து வந்திருந்த தூரத்து உறவில் ஒரு கணவன் மனைவியை ஏற்றினார்கள். மணப்பெண்ணின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடத் தெரியாதவர்கள் தாரை வார்த்தார்கள். மணமேடையிலிருந்து மகள் எங்கள் பக்கம் பார்த்தாள். அம்மாவைத் தேடினாளா, என்னைத் தேடினாளா, இருவரும் தூணுக்குப் பின்னால் இருந்தோம்.

கல்யாணத்துக்குப் பிறகு தங்கை என்னோடு பல வாரங்கள் பேசவில்லை. சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், பேசவில்லை. ரோட்டில் சொன்னதற்குக்கூட அவள் இவ்வளவு கோபப்படவில்லை. மகளும் மருமகனும் வருவார்கள், போவார்கள். அந்தப் பழைய டீசல் காரில் மகள் பின்னால் ஏறிக்கொண்டு, அம்மாவைக் கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைப்பாள். அவளும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்வாள். வண்டி கிளம்பும்போது மருமகன் ஏதாவது சொல்ல, இவள் சிரிப்பது தெரியும்.

என் வண்டியில் அவள் பின்னால்தான் ஏறுகிறாள். முன் சீட்டில் காய்கறிப் பையை வைப்பாள். பை கொஞ்சம் கனத்தால் யாரோ ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தும். நான் பூசணிக்காய்க்குப் பெல்ட் போட்டுவிட்டு ஓட்டுவேன். அதை விற்றுத் தொலைக்க எத்தனையோ முறை நினைத்தேன். தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்டுவதா என்று விட்டுவிட்டேன்.

இப்போது திரையில் எது வந்தாலும் உடனே சத்தமாகப் படித்துவிடுகிறேன். "டயர்ல காத்துக் கொறையுதாம்." "டிக்கி சரியா மூடலையாம்." "கேமரா தெரியலையாம்." எதையும் தொட்டு மறைப்பதில்லை. பின்னாலிருந்து "ம்" என்று மட்டும் வரும்.

போன மாதம் மகளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க்கொண்டிருந்தோம். ஏறக்குறைய அதே இடம். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திரை அணைந்தது, வண்டி உருண்டு ஓரத்தில் நின்றது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் பூசணிக்காய்.

தங்கை பின்னாலிருந்து கேட்டாள்.

"முன்னால யாரும் இல்லையேண்ணே. இன்னைக்கு யாருக்கு ராசி இல்ல?"

கதவின் அடியில் கையை விட்டு நெம்பியை இழுத்து இறங்கினேன். பின்கதவின் நெம்பியையும் உள்ளே எட்டி இழுத்துத் திறந்துவிட்டேன். அவள் இறங்கி, முன் சீட்டிலிருந்து பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பஸ் ஏதாவது வருகிறதா என்று இருவரும் ரோட்டைப் பார்த்து நின்றோம்.